சட்டைப் பைக்குள் மேரு

பக்கிரிசாமிக்கு இடது பக்கம் தெரியாது. வலது பக்கமும் தெரியாது.

அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாக ரயில் ஓட்டுகிறவர். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. தண்டவாளம் போகிற பக்கம் ரயில் போகும், ரயில் போகிற பக்கம் பக்கிரிசாமி போவார். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவர் வழி தவறியதில்லை.

ரயிலை விட்டு இறங்கினால்தான் சிரமம். ஒருநாள் காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து முனைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனவர், பத்து மணிக்கு, பல ஸ்டேஷன் தள்ளியிருக்கும் சாலாக் செலாத்தானிலிருந்து போன் செய்தார்.

"ரொட்டி வாங்கிட்டேன்," என்றார். "வீட்டைத்தான் காணோம்."

அவருடைய மகள் புனிதவதிக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். அவளுக்குப் பதினொரு வயது. எல்லாரும் புனிதா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு முறை கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கண் திறந்தபடியே கனவு காண்கிற பிள்ளை. மூன்றாவது முறை கூப்பிட்டால், "எங்கிருந்து வரணும்?" என்று கேட்டுவிட்டு வருவாள்.

இந்த அப்பாதான் 1998-ஆம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு மேருவுக்குப் புறப்பட்டார்.

மேரு, கிள்ளானுக்கு வடக்கே இருக்கிறது. அங்கேதான் மாப்பிள்ளை பாலனின் வீடு. பாலனுக்கும் பக்கிரிசாமியின் தங்கை புஷ்பவல்லிக்கும் கல்யாணம் பேசியிருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற நாள் அது. வேனில் பழத்தட்டு, இனிப்புத்தட்டு, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி வைத்த தட்டு எல்லாம் இருந்தன.

மேரு முழுக்கத் தொழிற்சாலைகள். ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி கேட். மூன்றாவது முறை சுற்றி வந்தபோது, ஒரு கேட்டில் நின்ற காவல்காரர் பழகியவர்போலக் கையசைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான்காவது சுற்றில் ஒரு வீடு தெரிந்தது. வாசலில் வாழைமரம், தோரணம், உள்ளே ஒரே கூட்டம்.

"இதுதான்!" என்றார் பக்கிரிசாமி.

அந்த வீட்டார் மிகவும் நல்லவர்கள். வாங்க வாங்க என்று பன்னீர் தெளித்து, உட்கார வைத்து, வாழை இலை போட்டுவிட்டார்கள். பதினாலு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். புனிதாவின் அம்மா, பாயசத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, பக்கிரிசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளையைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை. மொட்டைத் தலை, இரண்டு காதிலும் புதுக் கடுக்கன். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அப்பா," என்று புனிதா மெதுவாகச் சொன்னாள். "இது காது குத்து வீடு."

வைத்த தட்டைத் திருப்பிக் கேட்பது மரியாதையா? பட்டு வேட்டியைக் குழந்தையின் மடியில் வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு, வெறும் கையோடு கிளம்பினார்கள்.

உண்மையான மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. பாலனின் அம்மா இராஜம்மா பதினொரு மணிக்கே பதினாலு இலை போட்டு வைத்திருந்தார். இலைகளின் ஓரம் சுருண்டு போயிருந்தது.

"உட்காருங்க. சாப்பிடுங்க," என்றார் இராஜம்மா.

பக்கிரிசாமிக்குப் பொய் சொல்ல வராது. "வழியில... சாப்பிட்டுட்டோம்," என்றார்.

இராஜம்மா குனிந்து, யாரும் சாப்பிடாத அந்தப் பதினாலு இலைகளையும் ஒவ்வொன்றாகத் தானே மடித்தார். அதைப் புனிதா பார்த்துக்கொண்டே நின்றாள்.

கிளம்பும்போது இராஜம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கல்யாணத்துக்காவது வழி தெரிஞ்சு வாங்க."

வீட்டில் புஷ்பவல்லி அத்தை நடந்ததைக் கேட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, கல்யாணம் அங்கதான், மேருவுல. மண்டபம் வேற புதுசு, இப்பத்தான் கட்டியிருக்காங்களாம். பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து முந்நூறு பேர் வரணும். எல்லாரும் காது குத்து வீட்டுக்குப் போயிட்டா, நான் மட்டும் மாலையோட நிக்கணுமா?"

"கார்டுக்குப் பின்னால வழி போட்டுடலாம்லா," என்றார் பக்கிரிசாமி. "நானே வரையறேன்."

இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தார். நீளமாக ஒரே கோடு. அதில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை எல்லா ஸ்டேஷனும் வரிசையாக இருந்தன. கிள்ளானில் ஒரு பெரிய புள்ளி. பக்கத்தில் அழகான எழுத்தில், 'இங்கே இறங்கி யாரையாவது கேட்கவும்.'

கிள்ளானில் அச்சகம் வைத்திருக்கும் நாகையா அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"பக்கிரி, இது மேப் இல்லப்பா. ரயில் டிக்கெட்டு. புதன்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஒழுங்கா ஒரு வழி கொண்டா. வெள்ளிக்கிழமை மொத கார்டை நீங்க கோயில்ல சாமிக்கு வெக்கணுமில்ல? அஞ்சு மணிக்கு மேல மிஷினு எனக்காகக்கூட நிக்காது."

புதன்கிழமை வந்தது. பள்ளி விடுமுறை. புனிதா நேரே வாசு அண்ணன் கடைக்குப் போனாள்.

வாசு அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே மாடியில் நான்கு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அந்த வருடம்தான் இன்டர்நெட் போட்டிருந்தார். கீழேயிருந்து சாம்பார் வாசனை வரும். மேலே டெலிபோன் கம்பிக்குள் யாரோ கொட்டாங்கச்சியைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் உலகம் வரும்.

"அண்ணே, இதுக்குள்ள மேரு இருக்கா?"

"இருக்கும்லா. ஒரு சைட்ல எல்லா ஊரு மேப்பும் இருக்கு. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்கேர்ந்து வரணும். கொஞ்சம் பொறு."

மேரு வந்தது. ஒரேயடியாக வரவில்லை. பாய் விரிக்கிறதுபோல, மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக வந்தது. முதலில் வெறும் வெள்ளை. பிறகு ஒரு பச்சை ஓரம். பிறகு எங்கிருந்தோ ஒரு மஞ்சள் சாலை, நிதானமாக, தண்ணீர் ஊர்வதுபோலக் கீழே இறங்கியது.

புனிதா நாடியைக் கையில் தாங்கிக்கொண்டாள். பக்கத்து ஊர்தான் மேரு. ஆனாலும் அது கடலைத் தாண்டிப் போய், மீன்களையெல்லாம் பார்த்துவிட்டு, களைத்துப் போய்த் திரும்பி வருகிறதே! சாலைகள் கொஞ்சம் நனைந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அம்புக்குறியை அழுத்தினால் ஊர் நகர்ந்தது. வடக்கே அழுத்தினால் தொழிற்சாலைகள் தெற்கே வழுக்கிப் போயின. புனிதா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அந்த மஞ்சள் சாலையில் இறங்கி நடந்தாள். வெறுங்கால். சாலை வெதுவெதுப்பாக இருந்தது. யாருமில்லை. தூரத்தில் ஒரு மொட்டைக் குழந்தை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கையசைத்தது.

"புனிதா! புனிதா! மூணு தடவ கூப்பிட்டுட்டேன்."

"எங்கிருந்து வரணும்?"

"மேப் வேணுமா, வேணாமா? பிரிண்டர்ல மை இல்ல. டிஸ்க்ல போட்டுத் தரேன்."

வாசு அண்ணன் ஒரு நீலநிற டிஸ்க்கைச் சொருகினார். உள்ளங்கை அளவு சதுரம். 'சேவ்' என்று இருந்ததை அழுத்தினார். கம்ப்யூட்டர் உள்ளுக்குள் கருக்முருக் என்று முறுக்கு தின்றது. முடிந்தது.

"அவ்வளவுதானா? மேரு முழுக்கவா?"

"முழுக்கத்தான்."

புனிதா டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். படியில் மெதுவாக இறங்கினாள். குலுங்கினால் லோரிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளுமே!

அப்பாவும் மகளும் ரயில் ஏறினார்கள். பக்கிரிசாமி பயணியாக உட்கார்ந்தாலும், ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அவருடைய வலது கை தானாகவே பிரேக் பிடித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஷா ஆலம் வந்தபோது மழை பிடித்தது. ஜன்னலில் நீர்க் கோடுகள் ஓடின. புனிதா பையைக் கையால் பொத்திக்கொண்டாள். வெளியே இருக்கும் மேருவில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கும். பைக்குள் இருக்கும் மேருவில் மட்டும் வெயில் அடிக்கும். பாலன் மாமா வீட்டுக் கொடியில் துணி காயும். உற்றுக் கேட்டால் பைக்குள்ளிருந்து லோரி ஹாரன் சத்தம்கூடக் கேட்டது. அது ரயில் ஹாரன் என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு எல்லாமே ரயில்தான்.

நாகையா அச்சகத்தில் மூன்று மணிக்கு நுழைந்தார்கள். மை வாசனை மூக்கில் ஏறியது. நாகையா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"கொண்டாந்தியா பாப்பா?"

"முழு மேருவும் இருக்கு அங்கிள்."

அவர் டிஸ்க்கைத் தம் கம்ப்யூட்டரில் போட்டார். திரை விரிந்தது. மேலே ஆங்கிலத்தில் தலைப்பு. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. நடுவில், மேரு இருக்க வேண்டிய இடத்தில், வெறும் பெட்டி. பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

சாலை இல்லை. பச்சை ஓரம் இல்லை. ஒன்றுமில்லை.

"மழையில கரைஞ்சு போச்சோ?" என்றார் பக்கிரிசாமி.

நாகையா சிரிக்கவில்லை. "சேவ் பண்ணவர் பக்கத்தை மட்டும் சேவ் பண்ணிட்டார். மேப் ஒரு படம். அது தனி. அவர் கடையில லைன் இருக்கு, அதனால திரையில தெரிஞ்சுது. என் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் லைன் கிடையாது. எப்படிச் சொல்றது... பாப்பா, நீ தட்டைக் கொண்டாந்துட்ட. சாப்பாடு அங்கேயே இருக்கு."

புனிதாவுக்கு ஒரு நொடி சுருண்ட ஓரங்களோடு பதினாலு இலைகள் கண்ணில் தெரிந்தன.

"பிரிக்பீல்ட்ஸ் போயிட்டு வந்தா ஆறு மணி ஆயிடும்," என்றார் பக்கிரிசாமி. ரயில் நேரம் மட்டும் அவருக்கு அத்துப்படி. "புஷ்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்று அங்கிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

புனிதா அந்த வெறும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் கண் கீழே இறங்கியது. அந்தப் பொடி எழுத்து வரி!

"அங்கிள், சாப்பாட்டுக் கடைத் தட்டுல கடைப் பேர் போட்டிருக்கும் இல்ல?"

"போட்டிருக்கும். யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு."

"இந்தத் தட்டுலயும் போட்டிருக்கு. இது அந்த சைட்டோட அட்ரஸ்தானே?"

நாகையா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அட!"

"கிள்ளான்ல இன்டர்நெட் கடை இருக்கா?"

"ரெண்டு கடை தள்ளி, மாடியில. ஓடு!"

புனிதா அந்த வரியை ஓர் எழுத்துகூட விடாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள். அப்பா பின்னாலேயே வந்தார். மாடிப்படி ஒன்றே ஒன்றுதான் என்பதால் அவர் வழி தவறவில்லை.

அங்கே ஒரு சீன அக்கா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புனிதா உள்ளங்கையைக் காட்டினாள்.

"பொலே, பொலே," என்று, முடியும் என்பதுபோலத் தலையாட்டி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அட்ரஸை அடித்தாள். ஊர்ப் பெயரை அடித்தாள். மறுபடியும் கடலுக்கு அப்பாலிருந்து மேரு புறப்பட்டது. வெள்ளை. பச்சை ஓரம். மஞ்சள் சாலை. இந்த முறை புனிதா சாலைக்குள் இறங்கவில்லை. கரையிலேயே நின்று காவல் காத்தாள்.

"அக்கா, பக்கம் வேணாம். படம் மட்டும் வேணும். இதை மட்டும் எப்படி எடுக்கிறது?"

அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை மேப்பின்மேல் விரலை வைத்துவிட்டுப் பிறகு டிஸ்க்கைத் தொட்டால், அதற்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான். அம்பைக் கொண்டுபோய் மேப்பின்மேலேயே நிறுத்தி, மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினார். ஒரு சின்னப் பட்டியல் திறந்தது. படத்தைச் சேமிக்கச் சொல்லும் வரியைக் காட்டினார். புனிதா அழுத்தினாள். கருக்முருக்.

"வா, வா, மணியாச்சு," என்றார் பக்கிரிசாமி.

"இருங்கப்பா."

புனிதா டிஸ்க்கை வெளியே எடுத்தாள். ஓரத்தில் டெலிபோன் கம்பி சேராமல், விளையாட்டுக்கு மட்டும் வைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போனாள். அதில் போட்டுத் திறந்தாள்.

மேரு இருந்தது. பச்சை ஓரம், மஞ்சள் சாலை எல்லாம் அப்படியே இருந்தன. டெலிபோன் கம்பி இல்லாமலே, கடல் இல்லாமலே, தானாக.

சீன அக்கா அவளைப் பார்த்து, "பண்டாய்!" என்றார். கெட்டிக்காரி என்று அர்த்தம். பக்கிரிசாமி அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வணக்கம் வைத்தார்.

நாகையாவின் திரையில் மேரு விரிந்தபோது மணி நாலு இருபது. அவர் அதைக் காகிதத்தில் அச்சிட்டு விளக்குக்கு நேரே பிடித்தார்.

"சரி, இதுல மண்டபம் எங்க?"

மூவரும் தேடினார்கள். மண்டபம் இல்லை. புதிதாகக் கட்டியது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? சாலைகளுக்குப் பெயர்கூடப் பாதிக்கு இல்லை. வெறும் எண்கள்.

"பாலனைக் கேட்கலாம்னா ஃபேக்டரியில வேலையில இருப்பார்," என்றார் பக்கிரிசாமி.

"அங்கிள், உங்க போனைக் கொஞ்சம் தரீங்களா? நான் இராஜம்மா ஆன்டிகிட்டயே கேட்கிறேன்."

பக்கிரிசாமியின் முகம் வெளுத்தது. "அவங்ககிட்டயா? அன்னைக்குப் பிறகு நான் கிள்ளான் பக்கம் பார்த்துத் தும்மக்கூட இல்ல."

"அதனாலதான்பா," என்றாள் புனிதா.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"யாரு?"

"நான் புனிதா, ஆன்டி. புஷ்பா அத்தையோட அண்ணன் மக. கிள்ளான்லேர்ந்து பேசறேன்."

"ஏன், மறுபடி வழி தப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல ஆன்டி."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமலா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"ஆன்டி, கார்டுக்கு மேப் எடுத்துட்டோம். அதுல ரோடு தெரியுது. ஆனா அதுக்கு உங்க ஊரு தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். மண்டபத்துக்குப் போறப்ப வழியில என்னென்ன பார்ப்பீங்க? அதைச் சொல்லுங்க. நான் வரையறேன்."



"என்னையா கேட்கிற?"

"ஆமா ஆன்டி. நீங்க சொன்னா யாரும் தொலைஞ்சு போக மாட்டாங்க. அன்னைக்கு நாங்க மொதல்லயே உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கணும். இலையெல்லாம் நீங்களே மடிச்சீங்க. நான் பார்த்தேன்."

நாகையா மிஷினைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கிரிசாமி செருப்பைப் பார்த்தார்.

"பேனா இருக்கா?" என்றது போன். குரல் மாறியிருந்தது. "எழுதிக்க. பெரிய ரோட்டுல வந்தா மொதல்ல ஒரு பச்சைக் குடை. அதுக்குக் கீழ ஒரு மக்சிக், மலாய்க்கார அம்மா, நாசி லெமாக் சோறு விப்பாங்க."

"மழை இல்லாட்டியும் குடை இருக்குமா ஆன்டி?"

"பத்து வருஷமா இருக்கு. அந்தக் குடையை நட்டுட்டுத்தான் ரோடே போட்டாங்க. அதைத் தாண்டினா நீலத் தண்ணித் தொட்டி, ரொம்ப உயரம். அப்புறம் ஒரு டயர் கடை. பழைய லோரி டயருக்குள்ள ரோஜாச் செடி வெச்சிருப்பான். அங்க வலது பக்கம் திரும்பணும்."

"ஆன்டி... அப்பாவுக்கு வலது தெரியாது."

"என்னது?"

"இடதும் தெரியாது. ரயில் ஓட்டுறாங்க இல்ல, அதனால."

இந்த முறை சந்தேகமே இல்லை. இராஜம்மா சிரித்தார். போனைத் தள்ளிப் பிடித்தும் கடை முழுக்கக் கேட்டது. பக்கிரிசாமிக்குக் காது சிவந்தாலும், பதினேழு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதில் அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, ரோஜாச் செடி இருக்கிற பக்கம் திரும்பச் சொல்லு. திரும்பினதும் மண்டபம். வாசல்ல ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அது எழுந்து இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. அதையும் வரை."

"அந்தக் காது குத்து வீடு எங்க இருக்கு ஆன்டி?"

"அது எதுக்கு?"

"எங்க நிக்கக் கூடாதுன்னும் சொல்லணுமே!"

புனிதா வரைந்தாள். கடலைத் தாண்டி வந்த சாலைகளின் ஓரத்தில் பச்சைக் குடை விரிந்தது. நீலத் தொட்டி எழுந்தது. டயருக்குள் ரோஜா பூத்தது. நாய் படுத்தது. தொட்டிக்கு முந்திய தெருவில் ஒரு வீடு வரைந்து, வாசலில் வாழைமரம் போட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'இந்த வீடு இல்லை.'

நாகையா அதை ஸ்கேன் செய்தார். "எத்தனையோ ஆயிரம் கார்டு அடிச்சிருக்கேன். சாப்பிடக் கூடாத வீட்டைப் போட்டு இதுதான் மொத கார்டு," என்றார். சுவர்க் கடிகாரம் ஐந்து அடிக்கும்போது மிஷின் ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை முதல் கார்டு சாமிக்குப் போனது. இரண்டாவது கார்டு காது குத்து வீட்டுக்கு. அவர்கள் வீட்டைக் கேட்காமல் அச்சடித்ததற்கு அதுதானே மரியாதை!

கல்யாணத்தன்று பக்கிரிசாமி ஸ்டீயரிங்கின்மேல் கார்டை ஒட்டி வைத்துக்கொண்டு வேனை ஓட்டினார். விடியற்கால மூட்டத்தில் பச்சைக் குடை தெரிந்தது. நீலத் தொட்டி தெரிந்தது. பாதித் தூக்கத்தில் இருந்த புனிதாவுக்கு, திரையில் வந்ததுபோலவே மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக ஊர் இறங்கி வருவதுபோல இருந்தது. ரோஜாச் செடி வந்ததும் வேன் அந்தப் பக்கம் திரும்பியது. செவலை நாய் படுத்திருந்தது.

மண்டபம் பூட்டியிருந்தது. அவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்துவிட்டார்கள்.

முந்நூறு பேரும் வந்து சேர்ந்தார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு தொழிற்சாலையைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு லோரிக்காரர்கள்கூட, யாரிடமோ கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கேள்வி. காது குத்து வீட்டுக் குழந்தை பட்டு வேட்டியில் வந்தான். அது அவனுக்கு ஏழு சுற்று சுற்றியிருந்தது. புஷ்பவல்லி அத்தை மாலையோடு நின்றாள். கூட்டம் தாங்காமல் நிற்க இடமில்லாமல் நின்றாள். சிரித்துக்கொண்டே நின்றாள்.

தாலி கட்டி முடிந்ததும் இராஜம்மா பக்கிரிசாமியிடம் வந்தார்.

"வழி தெரிஞ்சுதா?"

"தண்டவாளம் போட்ட மாதிரி இருந்துச்சு சம்பந்தியம்மா."

"நல்லது. உங்க வேன்ல வந்த பதினாலு பேரும் இங்க வாங்க."

தனியாக ஒரு வரிசையில் பதினாலு இலை போட்டிருந்தது. இராஜம்மா தம் கையாலேயே பரிமாறினார். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் வந்தன. பதினாலு பேரும் நிறைவாகச் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள்.

"எங்க எழுந்திரிக்கிறீங்க?" என்றார் இராஜம்மா. "இது இன்னைக்குச் சாப்பாடு. அன்னைக்குச் சாப்பாடு பாக்கி இருக்கே!"

மறுபடியும் பதினாலு இலை விழுந்தது.

பக்கிரிசாமி வாசலைப் பார்த்தார். தப்பித்துப் போக அவருக்கு வழி தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார். புனிதா மட்டும் பாயசத்தை நக்கிக்கொண்டே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். நீல டிஸ்க் அங்கேதான் இருந்தது. பைக்குள் இருந்த மேருவிலும் இந்நேரம் பாயசம் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். லேசாக ஏலக்காய் வாசனை அடித்தது.